முன்மேசைக்கு இரண்டு மாப்பிள்ளைகள்

மனித நாகரிகத்தின் வரலாறு என்பது, ஒரு பொத்தானை அழுத்தினால் அது வேலை செய்ய வேண்டும் என்று மனிதன் வைத்த நம்பிக்கையின் வரலாறே தவிர வேறில்லை.

இந்த வாசகம் பெரிய மாப்பிள்ளை தன் அலுவலகத்தில் ஆற்றும் உரைகளின் முதல் பக்கத்தில், கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் வரும். அவரே எழுதியது. வாசித்து முடித்ததும் அரங்கத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போகக் கையிலிருக்கும் ரிமோட்டை அழுத்துவார். பெரும்பாலும் போகாது. யாராவது எழுந்து வந்து விசைப்பலகையில் தட்டிவிட்டுப் போவார்கள்.

அவர் உத்தியோகத்துக்கு இடைமுக ஆலோசகர் என்று பெயர். கணினித் திரையில் நம் கண்ணில் படும் ஜன்னல், பொத்தான், கட்டம், பட்டியல் எல்லாம் சேர்ந்ததுதான் இடைமுகம். அவை எப்படி இருக்க வேண்டும் என்று அடுத்தவர்களுக்குச் சொல்வது ஆலோசகரின் வேலை. சொல்வதோடு சரி. அவர் தன் கையால் கடைசியாக எழுதியது, கல்யாணமான புதிதில் மாமனாரின் பல் கிளினிக்குக்காக எழுதிக்கொடுத்த அப்பாயின்ட்மென்ட் மென்பொருள்தான். அன்று முதல் அது கிளினிக்கின் முன்மேசைக் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று முதல் மாமனார் வீட்டில் யார் வந்தாலும், "இவர்தான் எங்க கம்ப்யூட்டர் மாப்பிள்ளை" என்று அறிமுகம் செய்வார்கள். பெரிய மாப்பிள்ளை அடக்கத்தோடு தலையைச் சாய்த்துக்கொள்வார். அந்தச் சாய்ப்பைக் கண்ணாடி முன் பழகியிருந்தார் என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

அந்த மென்பொருளில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. நோயாளியின் பெயரைப் போட்டுத் 'தேடு' என்று அழுத்தினால் ஜன்னல் முழுவதும் வெளுத்துப்போகும். மேலே 'பதிலளிக்கவில்லை' என்று வரும். கொஞ்ச நேரம் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டு, பிறகு ஒன்றுமே நடக்காதது போலப் பட்டியலைக் காட்டும். வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக்கொடுக்கும் முன்மேசை அக்கா ஆரம்பத்தில் பயந்துபோய்ப் பெரிய மாப்பிள்ளைக்குப் போன் செய்தார்.

"சார், திரை செத்துப்போச்சு சார்."

"சாகலம்மா. பட்டியல் பெரிசு. கை வைக்காம இருங்க, தானா வரும்."

தானாகவே வந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லாரும் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள். பல் டாக்டரிடம் வருகிறவர்களும் உள்ளே போக அப்படி ஒன்றும் அவசரப்படுவதில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாமனார் தன் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைக்கும்வரை.

சின்ன மாப்பிள்ளையும் கணினிக்காரன். பிரவுசரில் ஓடும் பக்கங்களைச் செய்கிறவன். நேரில் "வாங்க தம்பி, உட்காருங்க தம்பி" என்று குழைந்தாலும் பெரிய மாப்பிள்ளையின் மனதுக்குள் அவன் முதல் நாளிலிருந்தே அவன், இவன்தான். தலைமுடி அடர்த்தி. எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவன் வேலையும் செய்தான்.

மாமியாரின் செல்போனில்தான் முதல் அடி விழுந்தது. எடுத்த படத்தையே பத்துமுறை எடுத்து வைத்திருக்கும் அந்தப் போன் எப்போது பார்த்தாலும் திணறிக்கொண்டே இருக்கும். பெரிய மாப்பிள்ளை வந்து உட்கார்ந்ததும் அத்தை அதைக் கொண்டுவந்து நீட்டுவார். "மாப்பிள்ளை, இது ஏனோ இழுக்குது பாருங்க." அவர் உச்சுக்கொட்டுவார். ஆலோசகராக இருப்பவனிடம் வந்து படம் அழிக்கச் சொல்கிறார்களே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனைவியிடம் புலம்புவார். ஒரு நாள் அவர் போய் உட்கார்ந்தார். டீ வந்தது. போன் வரவில்லை.

"அத்தை, போன் எப்படி ஓடுது?" என்று அவராகவே கேட்டார்.

"ஓ, அதுவா! சின்ன மாப்பிள்ளை என்னமோ பண்ணிக் குடுத்தார். இப்ப தண்ணி மாதிரி ஓடுது."

பெரிய மாப்பிள்ளை சந்தோஷம் என்றார். சொல்லிவிட்டு, டீயில் இல்லாத ஆடையை ஊதி ஒதுக்கினார்.

அதே நாள், மாமனாரும் பேச்சை ஆரம்பித்தார். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர் என்பதால் எதிராளியின் பதிலை அவர் எதிர்பார்ப்பதில்லை.

"பெரிய மாப்பிள்ளை, ஒரு விஷயம். பேஷன்ட் எல்லாம் வீட்டுல இருந்தே போன்ல நேரம் பிடிச்சுக்கற மாதிரி சின்ன மாப்பிள்ளை ஒண்ணு செஞ்சு தரேங்கறார். பிரவுசர்லயே ஓடுமாம்."

"செய்யட்டும் மாமா. நல்ல விஷயம்தானே." அவர் டீ சுட்டுவிட்டது போல உதட்டைச் சுளித்துச் சமாளித்தார்.

"முன்மேசையிலயும் அதையே வச்சுடலாம்கறார்."

இப்போது டீ நிஜமாகவே சுட்டது.

"வைக்கலாம் மாமா, தாராளமா வைக்கலாம். ஆனா சோதிக்காம வைக்கக் கூடாது. இதுல எல்லாம் ஆயிரம் குறை இருக்கும். வெளிய பார்க்க அழகா இருக்கும், உள்ள பார்த்தா..." உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லாமல் கையை மட்டும் விரித்தார். "தம்பிக்கு அனுபவம் போதாது. நானே சோதிச்சுப் பார்க்கறேன்."

"அப்ப நல்லதாப் போச்சு. நீங்க பாருங்க, அவர் சரி பண்ணட்டும். வேலை முடிஞ்சதும் ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு, முன்மேசைல எது இருக்கணும்னு முடிவு பண்ணிடலாம்."

திரும்பி வரும்போது மனைவி கேட்டாள். "என்னங்க, அதுக்கப்புறம் வாயே திறக்கல?"

"பல் டாக்டர் பக்கத்துல வாயைத் திறக்கக் கூடாது."

"வயிறு எரியுதா?"

"எனக்கென்ன எரிச்சல்? தொழில்நுட்ப ரீதியா சில கவலைகள் இருக்கு, அவ்வளவுதான்."

"சரி, தொழில்நுட்ப ரீதியா எரியுதுன்னு வச்சுக்கலாம்."

சின்ன மாப்பிள்ளை பக்கத்தை அனுப்பி வைத்தான். பெரிய மாப்பிள்ளை அதைத் தன் மடிக்கணினியில் திறந்து, சம்பந்தம் பேச வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்ப்பது போலப் பார்த்தார். நன்றாக இருந்தது. அது அவருக்கு நன்றாக இல்லை. 'பதிவு செய்' என்ற பொத்தானை அழுத்தி ஒரு பதிவு போட்டார். நன்றி சொன்ன பெட்டியை மூடிவிட்டு, அடுத்த பதிவுக்கு அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினார். பொத்தான் கல்லுப் பிள்ளையாராக இருந்தது. பெரிய மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் ஜில்லென்றாகிவிட்டது. எழுந்து சமையலறைக்குப் போய், "பொத்தானே அழுந்தலை!" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு களை வந்து வெகுநாளாகியிருந்தது. உடனே போனை எடுத்தார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. அடிப்படையிலயே கோளாறு. பொத்தான் வேலை செய்யலை."

"அப்படியா அண்ணா? ஒரு நிமிஷம்." தட்டுகிற சத்தம் கேட்டது. "அட, ஆமா! பதிவு ஆனதும் ஒரு பெட்டி வந்து நன்றி சொல்லும் இல்லையா, அதை மூடினதும் பார்வைக்குத்தான் மறைச்சிருக்கேன், எடுக்கல. கண்ணாடி மாதிரி பக்கம் முழுசும் மேல நிக்குது. நீங்க அழுத்தறது எல்லாம் அது மேலதான் படுது. பெரிய விஷயத்தைக் கண்டுபிடிச்சீங்க அண்ணா, ரொம்ப தாங்க்ஸ்."

விடைபெற்றுக்கொண்ட பிறகும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உறவினரைப் போல ஒரு அடுக்கு. அதை அவன் அங்கேயே வழியனுப்பிவிட்டான். இவர் போனைக் கீழே வைப்பதற்குள் பொத்தான் அழுந்தியது. ஒருவன் தப்பைச் சுட்டிக்காட்டினால் கொஞ்சமாவது முறைக்க வேண்டாமா? நன்றி சொல்கிறவனை என்ன செய்வது?

அடுத்த குறையை முன்மேசை அக்காவின் தயவில் பிடித்தார். அக்கா எதையும் இரண்டு தடவை அழுத்துகிறவர். லிஃப்ட் பொத்தானையே இரண்டு தடவை அழுத்துவார். பக்கத்தை அவரிடம் கொடுத்து ஒரு அப்பாயின்ட்மென்ட் போடச் சொன்னார் பெரிய மாப்பிள்ளை. அக்கா வழக்கம்போல இரட்டையாக அழுத்த, ஒரே நோயாளிக்கு ஒரே நேரத்தில் ஒரே கடைவாய்ப் பல்லைப் பிடுங்க இரண்டு முறை பதிவாகிவிட்டது.

"ஒரு பல்லை ரெண்டு தடவை எப்படித் தம்பி பிடுங்கறது?" என்று போனில் நயமாகக் கேட்டார்.

சின்ன மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். "செம அண்ணா! ஒருதடவை அழுத்தினதும் பதில் வர்ற வரைக்கும் பொத்தானைச் சாம்பல் நிறமாக்கிப் பூட்டிடறேன். இதை நான் யோசிக்கவே இல்ல."

அன்று மாலை பூட்டியும் விட்டான். பெரிய மாப்பிள்ளை சரிபார்த்தார். பூட்டவில்லை! மறுபடி இரண்டு பதிவு! இந்த முறை குரலில் வருத்தத்தைத் தேன் மாதிரி கலந்துகொண்டார்.

"தம்பி, சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்க. ஒண்ணும் மாறலையே. பரவாயில்ல, எல்லாரும் தடுமாறறதுதான். உங்க வயசுல நானும்..."

"பழைய நகலைக் காட்டுது போல அண்ணா. பிரவுசர் ஏற்கெனவே வாங்கி வச்சிருந்ததையே திருப்பித் திருப்பிக் காட்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட் ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்களேன்."

ரெஃப்ரெஷ். அவரிடம். ஆண்டுதோறும் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை உட்காரவைத்து, 'மாற்றம் தெரியவில்லை என்றால் முதலில் பழைய நகலைச் சந்தேகப்படுங்கள்' என்று ஒரு மணி நேரம் பேசுகிறவரிடம் ஒருவன் ரெஃப்ரெஷ் பண்ணச் சொல்கிறான்.

"அதெல்லாம் பண்ணாமலா பேசறேன்?" என்றார் விறைப்பாக. போனை வைத்தார். கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு ரெஃப்ரெஷ் செய்தார். பொத்தான் சாம்பல் நிறமாகிப் பணிவோடு பூட்டிக்கொண்டது. போதாததற்கு, ஓரங்களை வேறு மழமழவென்று ஆக்கியிருந்தான்.

மூன்றாவது குறையைக் கண்டுபிடிக்க அவர் மனைவியின் சின்னத் திரைப் போனைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. அதில் பார்த்தால் 'சந்திப்பை உறுதிசெய்யுங்கள்' என்பது பொத்தானுக்குள் அடங்காமல், 'சந்திப்பை உறுதி' வரை உள்ளேயும் மிச்சம் வெளியேயுமாகத் தொங்கியது. சிக்கனமான ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டினால் அப்படித்தான் பொத்தான் தெறிக்கும். இதையும் சொன்னார். அவன் இதையும் கொண்டாடினான். எழுத்து எவ்வளவு நீண்டாலும் கூடவே பொத்தானும் வளரும்படி செய்துவிட்டான்.

அந்த வாரம் மாமனார் வீட்டுக்குப் போனபோது சோபாவில், மின்விசிறிக்கு நேர்கீழே, வழக்கமாகத் தான் உட்காரும் மூலையில் சின்ன மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இவரைக் கண்டதும் அவன் சட்டென எழுந்து இடம்விட்டான். அதுவும் எரிந்தது.

மாமனார் யாரோ விருந்தாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பெரிய மாப்பிள்ளை குறை சொல்லச் சொல்ல, சின்ன மாப்பிள்ளை அதைச் செதுக்கிக்கிட்டே போறார். இப்ப எப்படி இருக்குங்கறீங்க! அப்படியே சிலை மாதிரி."

பெரிய மாப்பிள்ளைக்குப் பொறி தட்டியது. இத்தனை நாள் தான் எதிராளியின் வீட்டுக்குக் கல்லெறிவதாக நினைத்துக்கொண்டிருந்தார். அவன் அந்தக் கல்லையெல்லாம் பொறுக்கி மாடி கட்டிக்கொண்டிருக்கிறான். தான் பொறாமைப்பட்டுப் பொறாமைப்பட்டு அவன் பக்கத்தை ஊரில் இல்லாத பக்கமாக ஆக்கி வைத்திருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

இனி ஒரு குறை கிடைத்தால் மூச்சு விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை, எல்லார் முன்னிலையிலும்தான் அவிழ்ப்பது என்று உறுதி எடுத்துக்கொண்டார்.

குறையும் கிடைத்தது. சின்ன மாப்பிள்ளை அதுவரை தன் வீட்டில் மாதிரிப் பெயர்களை வைத்துத்தான் பக்கத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை மாலை வந்து கிளினிக்கில் இருந்த நிஜ நோயாளிகளின் பட்டியலோடு இணைத்துவிட்டு, வேறு வேலை இருந்ததால் அவசரமாகக் கிளம்பிவிட்டான். சனிக்கிழமை மத்தியானம் பல்லைச் சுத்தம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டுப் பெரிய மாப்பிள்ளை கிளினிக்குக்குப் போனார். அக்கா சாப்பிடப் போயிருந்தார். முன்மேசை காலி.

அவன் பக்கத்தில் 'தேடு' என்ற பொத்தானே கிடையாது. பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடிக்க அடிக்கப் பட்டியல் தானே சுருங்கிக்கொண்டு வரும் என்று பெருமையாகச் சொல்லியிருந்தான். பெரிய மாப்பிள்ளை முதல் எழுத்தை அடித்தார். பட்டியல் அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது. அசையவில்லை. ஒரு முழுப் பெயரையும் அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து முதல் எழுத்துக்கான பட்டியல் வந்தது. அப்புறம் இன்னும் கொஞ்சம் கழித்து இரண்டாவது எழுத்துக்கு. பந்தி முடிந்த பிறகு ஒவ்வொருவராக வந்து சேரும் விருந்தாளிகள் மாதிரி வந்துகொண்டே இருந்தன.

அவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. குறை கண்டுபிடிப்பது தன் வேலை, காரணம் கண்டுபிடிப்பது அவன் தலையெழுத்து. பழக்க தோஷத்தில் கை போனை எடுத்துவிட்டது. மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டார். பல்லையும் சுத்தம் செய்துகொள்ளாமல் வீட்டுக்கு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்கு விடுமுறை. காத்திருப்பு அறையின் நாற்காலிகளில் மாமனார், மாமியார், இரண்டு பெண்கள், சொல்லி வரவழைத்திருந்த முன்மேசை அக்கா. நோயாளிகள் பார்ப்பதற்காகச் சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில் முன்மேசைக் கணினியின் திரையை இணைத்திருந்தார்கள். பல் துலக்கும் முறை பற்றிய படங்கள் ஓடும் இடத்தில் இன்று இரண்டு மாப்பிள்ளைகளின் மானம் ஓடப்போகிறது.

முதலில் பெரியவருடைய மென்பொருள். அக்காவை ஒரு பெயரைப் போட்டுத் தேடச் சொன்னார் மாமனார். ஜன்னல் வெளுத்தது. யாரும் பதறவில்லை. பெரிய மாப்பிள்ளை திரையைப் பார்க்கவே இல்லை, சின்னவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் பழக்கம்போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அதற்குள் பட்டியல் வந்துவிட்டது.

"பெரிய பட்டியல் இல்லையா," என்றார் மாமியார் பரிவோடு.

அடுத்து சின்னவனுடையது. பொத்தான் அழுந்தியது, பூட்டிக்கொண்டது, எழுத்துகள் அடங்கி இருந்தன. மாமனார் ஒவ்வொன்றுக்கும் 'பலே' என்றார். பெரிய மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"அக்கா, ஒரு நல்ல நீளமான பேரா அடிங்க பார்க்கலாம்."

அக்காவிடம் அப்படி ஒரு நோயாளி இருந்தார். தாத்தா பெயர், அப்பா பெயர், குலதெய்வம் பெயர் எல்லாம் கோத்த ரயில்வண்டிப் பெயர். பாதிப் பெட்டிகளைக் கோப்பதற்குள் பக்கம் திணறத் தொடங்கியது. அக்கா வழக்கப்படி எல்லாவற்றையும் இரண்டு தடவை அழுத்தினார். ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பவே இல்லை.

"அடடா," என்றார் பெரிய மாப்பிள்ளை. அந்த அடடாவை முந்தின நாளிலிருந்து வாய்க்குள் வைத்திருந்தார். "மாமா, இதுதான் நான் பயந்தது. இடைமுகம்ங்கறது முன்மேசை மாதிரி. முன்மேசைல இருக்கறவங்களே உள்ள போய் ஃபைல் தேடிக்கிட்டு இருந்தா, வாசல்ல வர்றவங்களை யார் கவனிக்கறது? இது அடிப்படை. பொத்தான் மழமழன்னு இருந்தா போதாது."

"என்ன சின்ன மாப்பிள்ளை இது?" என்றார் மாமனார்.

சின்ன மாப்பிள்ளையின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை. பெரிய மாப்பிள்ளை அதைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டார். அவன் விசைப்பலகையை வாங்கி, பக்கம் என்னென்ன கேட்கிறது, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பலகையைத் திறந்தான். டிவியில் வரிசையாகப் பட்டைகள் தெரிந்தன. எல்லாம் ஒரே நீளம்.

"எல்லாமே சரியா நாலு நொடி," என்றான் தனக்குத்தானே. "நிஜமா மெதுவா இருந்தா ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும். இது அளவெடுத்து வெட்டின மாதிரி..."

வேறு எதையோ திறந்து கண்ணை ஓட்டினான். சட்டென்று நிறுத்தினான். ஒரு கணம் பெரிய மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பலகையை மூடிவிட்டான்.

"நெட்வொர்க்கா இருக்கும் மாமா. நான் அப்புறம் உட்கார்ந்து பார்த்துக்கறேன்."

"அப்புறமா? அதெல்லாம் வேண்டாம்," என்றார் பெரிய மாப்பிள்ளை. வெற்றி அவர் காதுவரை ஏறியிருந்தது. "இப்பவே திறங்க தம்பி. எல்லாரும் பார்க்கட்டும். இதுல வெட்கப்பட என்ன இருக்கு?"

"வேணாம் அண்ணா."

"ஏன் வேணாம்?"

"சொன்னா கேளுங்க அண்ணா, வீட்டுல போய்ப் பார்த்துக்கலாம்."

"தப்பு பண்றது தப்பில்ல தம்பி, மறைக்கறதுதான் தப்பு. திறங்க!"

அவன் மாமனாரைப் பார்த்தான். மாமனார் தலையசைத்தார். அவன் திறந்தான்.

"பக்கம் மட்டும்தான் மாமா நான் செஞ்சது. பேரைத் தேடற வேலை அண்ணா எழுதினது. நல்லா ஓடிட்டு இருக்கறதை ஏன் கலைக்கணும்னு அப்படியே எடுத்து வச்சுக்கிட்டேன்."

டிவியில் நிரல் வரிகள் பெரிய பெரிய எழுத்தில் தெரிந்தன. உச்சியில் பெரிய மாப்பிள்ளையின் பெயர், அதற்கு முன்னால் அவரே போட்டுக்கொண்ட 'தலைமைச் சிற்பி' என்ற பட்டம். கீழே பெயரைத் தேடும் ஐந்தாறு வரிகள். அவை முடிந்ததும் தனியாக ஒரு வரி. ஸ்லீப். அடைப்புக்குறிக்குள் நாலாயிரம்; கணினியின் மில்லிநொடிக் கணக்கில் நாலு நொடி.

மாமியார்தான் எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஸ்லீப்னா தூக்கம்தானே? யார் தூங்கறாங்க மாப்பிள்ளை?"

பெரிய மாப்பிள்ளைக்கு அந்த வரி நினைவுக்கு வந்துவிட்டது. முதன்முதலில் மென்பொருளைக் கொண்டுவந்து காட்டிய அன்று, 'தேடு' என்று அழுத்தி விரலை எடுப்பதற்குள் பட்டியல் வந்து நின்றது. மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா? இதுக்கா மாப்பிள்ளை இத்தனை மாசம் ஆச்சு?" என்று கேட்டார். புது மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய் அந்த ஒரு வரியைச் சேர்த்தார். தேடி முடித்த பிறகும் நாலு நொடி சும்மா இருந்துவிட்டுத்தான் பட்டியலைத் தர வேண்டும். மறுநாள் மாமனார் காத்திருந்து பார்த்துவிட்டு, "பலே, உள்ள பெரிய வேலை எல்லாம் நடக்குது போல," என்றார். திரையை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பெரிய மாப்பிள்ளைக்கு வயிறு குளிர்ந்தது. பிறகு அந்த வரியை அவர் மறந்தே போனார்.

"அதை எடுத்துட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள் அவர் மனைவி. அவள் குரலில் ஏதோ துள்ளியது.

சின்ன மாப்பிள்ளை மெதுவாக, கல்யாண வீட்டில் அழுகிற குழந்தையை வெளியே தூக்கிப்போகிறவனைப் போல, அந்த வரியை எடுத்தான். அக்கா ரயில்வண்டிப் பெயரை மறுபடி அடித்தார். முதல் பெட்டியிலேயே பட்டியல் வந்துவிட்டது. பிறகு பெரியவருடைய பழைய மென்பொருளிலும் அதே வரியை எடுத்துவிட்டுத் தேடினார்கள். அது வெளுக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை.

மாமனார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "அப்ப இத்தனை வருஷமா நான் இதைத் துடைச்சது...?"

சின்னப் பெண் சிரிப்பை அடக்கமாட்டாமல் கொட்டாவி விடுவது போல வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய பெண், அதாவது சொந்த மனைவி, பொத்திக்கொள்ளவே இல்லை.

"சரி, போகட்டும்," என்றார் மாமனார். "முன்மேசைல சின்ன மாப்பிள்ளையோடது இருக்கட்டும். உள்ள தேடறது பெரிய மாப்பிள்ளையோடதாவே இருக்கட்டும். அந்த ஒரு தூக்கம் மட்டும் வேண்டாம்."

"அண்ணாவோட தேடல் ரொம்ப வேகம் மாமா," என்றான் சின்ன மாப்பிள்ளை. "நான் எழுதியிருந்தாகூட இவ்வளவு வேகமா வந்திருக்காது." அவன் நிஜமாகத்தான் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஏதாவது சொல்லியே தீர வேண்டும் போலிருந்தது பெரிய மாப்பிள்ளைக்கு.

"மாமா, அந்த நாலு நொடி சும்மா வெட்டிக்கு வச்சது இல்ல," என்றார். "பயனருக்குப் பொழுது போகணும்ல? அந்த நேரத்துல திரை நடுவுல ஒரு பல் சுத்தும். நானே வரைஞ்சது. கடைவாய்ப் பல். வேர் எல்லாம் தெரியற மாதிரி."

"எந்தப் பல்?" என்றார் மாமனார்.

"தேடும்போது சுத்துமே மாமா."

எல்லாரும் முன்மேசை அக்காவைப் பார்த்தார்கள்.

"வெள்ளையாத்தான் சார் ஆகும்," என்றார் அக்கா. "பல் எதுவும் வந்ததில்லையே."

சின்ன மாப்பிள்ளை குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினான். பல்லைச் சுற்றவைக்க வேண்டிய ஜன்னலைத்தான் அந்த ஒரு வரியால் பெரிய மாப்பிள்ளை தூங்கவைத்திருந்தார்; அது வெளுத்துப்போனது அதனால்தான். பல்லை வீட்டில் தனியாக ஓட்டிப் பார்த்திருந்தார். தேடலோடு சேர்த்து ஓட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் பல் ஒரு தடவைகூடச் சுற்றியதில்லை.